ஆசிரியருக்குக் கடிதம்: அந்த ராக்கெட்டுகளுக்குப் பணம் கொடுத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய விண்வெளிச் சாகசங்களின் பாணியில் இன்று வரையப்படும் சித்திரக்கதைகளைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். துடுப்பு வைத்த ராக்கெட்டையும் கண்ணாடிக் குமிழித் தலைக்கவசத்தையும் மறுபடி வரைந்து, நடுவயதுக்காரர்களின் சிறுவயது ஏக்கத்தைக் காசாக்குவதே இவ்வகைக் கதைகளின் வேலை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வகை முழுவதையும் ஒரே தீர்ப்பில் ஒதுக்கியதால், அவர் அவசியம் பேசியிருக்க வேண்டிய ஒரு படைப்பு விடுபட்டுப்போயிற்று. வாரன் எல்லிஸ் எழுதி, கிறிஸ் வெஸ்டன் வரைந்து, அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் 2001 முதல் 2004 வரை மூன்று இதழ்களாக வெளியிட்ட ‘மினிஸ்ட்ரி ஆஃப் ஸ்பேஸ்’தான் அது.

இந்தக் கதை வணங்கி நிற்கும் மூலத்தை அறியாமல் இதன் உட்பொருள் புரியாது. 1950 ஏப்ரல் 14 அன்று பிரிட்டனில் ‘ஈகிள்’ என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அமெரிக்கத் திகில் காமிக்ஸ்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று கவலைப்பட்ட மார்கஸ் மோரிஸ் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் அதன் ஆசிரியராக இருந்தார். முதல் பக்கத்தில் வண்ணத்தில் வந்த நாயகன் டேன் டேர் என்ற விண்வெளி விமானி. வரைந்தவர் பிராங்க் ஹாம்ப்சன். பூமியில் உணவுப் பஞ்சம் நேர்கிறது, அதைத் தீர்க்க வெள்ளிக் கிரகத்தில் வழி தேடிப் புறப்படுகிறார்கள் என்பதே முதல் கதையின் முடிச்சு. அதைப் படித்த சிறுவர்களின் வீடுகளில் அப்போது பங்கீட்டு அட்டை புழக்கத்தில் இருந்தது. இனிப்புகள் மீதான கட்டுப்பாடு 1953 பிப்ரவரியிலும் இறைச்சி மீதானது 1954 ஜூலையிலும்தான் அங்கே விலக்கப்பட்டன. போரில் வென்றும் வயிறு நிறையாத ஒரு நாடு, தன் பிள்ளைகளுக்கு வாராவாரம் வண்ணத்தில் காட்டிய எதிர்காலம் அது. இந்தப் பின்னணியை விட்டுவிட்டு, டேன் டேரைப் போகிறபோக்கில் ‘பழைய விண்வெளி வீரர்களுள் ஒருவர்’ என்று கட்டுரை கடந்துபோனது எனக்குக் குறையாகவே பட்டது.

எல்லிஸின் கதை ஓர் ‘ஒருவேளை’யிலிருந்து தொடங்குகிறது. 1945இல் ஜெர்மனியின் ராக்கெட் விஞ்ஞானிகளை அமெரிக்காவும் ரஷ்யாவும் பங்கிட்டுக்கொள்வதற்கு முன்பே பிரிட்டன் முந்திக்கொண்டு அள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜான் டாஷ்வுட் என்ற விமானப்படை அதிகாரியின் முனைப்பில் விண்வெளிக்கென்றே ஓர் அமைச்சகம் உருவாகிறது. நிலாவுக்கும் செவ்வாய்க்கும் பிரிட்டிஷ் கொடி போய்ச் சேர்கிறது. அந்தச் சாதனைகளை எல்லாம், கிழவராகிவிட்ட டாஷ்வுட்டின் நினைவுகளின் வழியாக 2001இல் நின்றுகொண்டு பார்க்கிறோம். கலங்களின் வளைவுகளிலும் தளங்களின் பளபளப்பிலும் சீருடைகளின் மிடுக்கிலும் வெஸ்டன் ஹாம்ப்சனின் உலகத்தை அவ்வளவு உழைப்போடு மீட்டெடுக்கிறார். ஹாம்ப்சன் தம் கலைக்கூடத்தில் கலங்களுக்கு மாதிரி உருக்கள் செய்து வைத்தும், உடன் பணியாற்றியவர்களையும் தம் தந்தையையும் கூட வேடமிட்டு நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தும்தான் ஒவ்வொரு கட்டத்தையும் வரைந்தார் என்பது பதிவான செய்தி. அந்தப் பொறுமையைப் புரிந்துகொண்ட ஓர் ஓவியரால் மட்டுமே இத்தகைய வணக்கம் செலுத்த முடியும். கட்டுரையாளர் கேலி செய்த துடுப்பு ராக்கெட் நகல்களில் இல்லாததும் அந்தப் பொறுமைதான்.

இதோடு நின்றிருந்தால் கட்டுரையாளரின் தீர்ப்புக்கு நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். (கதையின் முடிவைச் சொல்லாமல் என் வாதத்தை வைக்க முடியாது, இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) அந்த அமைச்சகத்தைத் தொடங்குவதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதே கதை நெடுகப் பதுங்கியிருக்கும் கேள்வி. நாஜி வதைமுகாம்களில் கொல்லப்பட்டவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட செல்வம் அது என்பது கடைசியில் தெரியவருகிறது. அதோடு விடாமல், போருக்குப் பிந்தைய சமூக மாற்றம் எதுவும் இந்த வெற்றிபெற்ற பேரரசைத் தொடவில்லை என்பதையும், விண்வெளியில்கூட நிற அடிப்படையில் ஆட்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் வசனம் ஏதுமின்றி ஓவியத்தாலேயே காட்டிவிட்டுக் கதை முடிகிறது. அதுவரை நாம் ரசித்துக்கொண்டு வந்த அத்தனை அழகும் அந்த இடத்தில் நம் கையில் கணக்குச் சீட்டாகத் திரும்பி வருகிறது.

இது மிகையான கற்பனை என்று சிலர் கருதக்கூடும். வரலாறு அப்படிக் கருத விடவில்லை. ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் மிட்டல்பாவ்-டோரா முகாமின் கைதிகளைக் கொண்டு, மலையைக் குடைந்த சுரங்கத் தொழிற்சாலையில் கட்டப்பட்டன. அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் உற்பத்திப் பொறுப்பில் இருந்த ஆர்தர் ருடால்ஃப் பிற்பாடு அமெரிக்காவில், மனிதரை நிலாவுக்குக் கொண்டுசென்ற சாட்டர்ன்-5 ராக்கெட்டின் திட்ட மேலாளராகப் பணியாற்றினார். நிலாவில் மனிதர் இறங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1984இல், போர்க்கால நடவடிக்கைகள் குறித்த விசாரணையைத் தொடர்ந்து அவர் அமெரிக்காவை விட்டு வெளியேறிக் குடியுரிமையையும் துறந்தார். எல்லிஸ் புதிதாகப் புனைந்தது பணம் வந்த வழியை மட்டுமே. வதைமுகாமுக்கும் விண்வெளிக்கும் இடையே இருந்த பாதை நிஜத்திலேயே போடப்பட்டிருந்தது.

பிரிட்டனின் நிஜக் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1945 அக்டோபரில், கைப்பற்றிய வி-2 ராக்கெட்டுகளை ஜெர்மனியின் கக்ஸ்ஹாஃபன் அருகிலிருந்து பிரிட்டிஷார் ஏவிப் பார்த்தனர். 1946இல், அதே ராக்கெட்டைப் பெரிதாக்கி ஓர் ஆளை விண்வெளியின் விளிம்புக்கு அனுப்பலாம் என்று விண்வெளிப் பயண ஆர்வலர்களின் அமைப்பான பிரிட்டிஷ் கோளிடைச் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.ஏ. ஸ்மித் ‘மேகாராக்’ என்ற திட்டத்தை வரைந்து கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை. 1971 அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் வூமராவிலிருந்து பிளாக் ஆரோ ராக்கெட் ‘பிராஸ்பரோ’ என்ற துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, அந்த ராக்கெட் திட்டத்தையே கைவிடுவதாக அரசு முன்கூட்டியே அறிவித்துவிட்டிருந்தது. சொந்த ராக்கெட்டில் துணைக்கோள் ஏவிய ஆறாவது நாடு, முதல் வெற்றியோடு கடையைக் கட்டியது. (1980இல் அந்த வரிசையில் ஏழாவதாகச் சேர்ந்த நாடு நம்முடையது என்பதை ஒரு முன்னாள் குடியேற்ற நாட்டின் வாசகனாக நினைத்துக்கொள்வதில் சிறு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.) ஆக, எல்லிஸ் வரைந்து காட்டும் பேரரசின் விண்வெளி, நடக்காமல் போன ஒன்றுக்கான ஏக்கத்தையும், அது நடந்திருந்தால் எப்படி நாறியிருக்கும் என்ற எச்சரிக்கையையும் ஒருசேரச் சுமக்கிறது.

எனக்கு இந்தப் படைப்பில் ஒரு மனக்குறையும் உண்டு. ஹாம்ப்சனின் டேன் டேர் எந்தப் பேரரசுக்கும் ஊழியம் செய்தவர் அல்லர். அவருடைய விண்வெளிப் படை உலக நாடுகள் சேர்ந்து அமைத்த அரசுக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்க, பிரெஞ்சு விமானிகள் அவருடைய தோழர்கள். விஞ்ஞானியாகிய பேராசிரியர் பீபாடி ஒரு பெண். பேச்சும் மிடுக்கும் அப்பட்டமான ஆங்கிலேயத்தனம் என்பது உண்மைதான் என்றாலும், பாதிரியார் ஒருவரின் மேற்பார்வையில் எழுந்த அந்தக் கனவு, போர் ஓய்ந்த காலத்தின் சமாதான ஆசையிலிருந்து பிறந்தது. எல்லிஸ் அந்தக் கனவின் உடையை எடுத்துப் பேரரசுக்கு மாட்டிவிட்டு, பிறகு பேரரசைக் கூண்டில் நிறுத்துகிறார். வாதம் வலுவானது, ஆனால் உடைக்குச் சொந்தக்காரருக்கு இதில் கொஞ்சம் அநியாயம் நேர்ந்துவிட்டது. அந்த ஹாம்ப்சனோ, தாம் படைத்த நாயகனின் உரிமையைப் பதிப்பகத்திடம் இழந்து, 1959இல் அந்தக் கதையிலிருந்து விலகியவர். கட்டுரையாளர் ஏக்கத்தைக் காசாக்குவது பற்றிக் கோபப்பட நினைத்தால், காசு போய்ச் சேராத இந்த ஓவியரிடமிருந்து தொடங்கியிருக்கலாம்.

பிரிட்டிஷ் வார இதழ்களின் நாயகர்கள் தமிழ் வாசகர்களுக்குப் புதியவர்கள் அல்லர். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவி லண்டன் இதழ் ஒன்றிலிருந்து வந்தவர்தான். அவர் வழியாகவே நம்மில் பலர் காமிக்ஸ் படிக்கப் பழகினோம். ஆகவே ‘மினிஸ்ட்ரி ஆஃப் ஸ்பேஸ்’ தமிழில் வந்தால் வரவேற்க ஆட்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அப்படி யாரேனும் முன்வந்தால், பக்க அளவைச் சுருக்கவோ வண்ணத்தைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளையில் அச்சிடவோ வேண்டாம் என்பது என் வேண்டுகோள். முடிவைச் சொல்வது வசனம் அல்ல, ஓவியம். அதிலுள்ள நுணுக்கம் கண்ணில் படாவிட்டால் கதையே தப்பிவிடும். தங்கள் கட்டுரையாளர் இந்நூலைத் தேடிப் படித்துவிட்டு, தம் தீர்ப்பு இதற்கும் பொருந்துமா என்பதை அடுத்தொரு இதழில் எழுதுவார் எனில் மகிழ்வேன்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர்,
விருதுநகர்.