பிள்ளைகளின் கண்ணாடி குறித்து

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எப்போதும் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்தே எழுதுவாள். ஆசிரியர்கள் கண்டித்தார்கள், நானும் கண்டித்தேன். சென்ற வாரம் நடந்த கண் பரிசோதனையில்தான் தெரிந்தது, மூன்றாவது பெஞ்சிலிருந்து அவளுக்குக் கரும்பலகை எழுத்தே தெரியவில்லை. "ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன், ஐயா" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே பரிசோதனையில் கண்ணாடி தேவை என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் சிலர், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் எனச் சொல்கிறார்கள். "இப்போதே போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும்" என்பதுதான் பலருடைய பயம். அந்தப் பயத்துக்கு இடமில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கண்ணின் முன்புறம் தெளிந்த கண்ணாடிபோல் இருப்பது விழிவெண்படலம். ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அதுவே செய்துவிடுகிறது. மீதி, உள்ளே இருக்கும் லென்ஸின் வேலை. புத்தகம் படிக்கும்போது லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரித் தசை சுருங்கி லென்ஸ் உப்புகிறது. தூரத்து மரத்தைப் பார்க்கும்போது தட்டையாகிறது. விழிவெண்படலமும் லென்ஸும் சேர்ந்து ஒளியைக் கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையில் சரியாகக் குவிக்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மி.மீ. நீளம், பெரியவர்களுக்குச் சுமார் 24 மி.மீ. வளரும்போது அளவுக்கு மேல் 1 மி.மீ. நீண்டாலே ஏறக்குறைய மைனஸ் 3 பவர் வந்துவிடும். ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்து, தூரத்துப் பொருள் மங்கும். இதுதான் கிட்டப்பார்வை. கண்ணாடியில் உள்ள குழிலென்ஸ் அந்த ஒளியைச் சற்று விரித்து அனுப்பி, குவியும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பவர் ஏறுவது கண் நீளுவதால்தான். சட்டை போட்டதால் பிள்ளை உயரமாகிவிட்டான் என்று யாரும் சொல்வதில்லையே.

ஒரு கண்ணில் மட்டும் குறை இருப்பது இன்னும் ஆபத்து. மூளை தெளிவான கண்ணையே நம்பிப் பழகி, மற்றதைக் கைவிட்டுவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் திருத்துவது எளிது. இன்று மாலையே உங்கள் பிள்ளையைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடி, சுவரில் தொங்கும் காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் சின்னப் பிள்ளை உங்கள் கையைத் தட்டிவிட்டால், அதை அடம் என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பகல் வெளிச்சத்தில் தினமும் 2 மணி நேரம் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. அதனால் விளையாட்டு வகுப்பை இனிக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். விடுமுறை நாட்களில் நீங்கள் வெளியே அனுப்புங்கள்.

"பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்று ஒரு தாய் கலங்கினார். அம்மா, இப்போது அவளுக்கு வேண்டியது கரும்பலகை தெரிவது. மற்றது பிறகு.

பரிசோதனைச் சீட்டு வந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கண்ணாடிக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. விளையாட்டில் உடைந்துபோனால் பிள்ளையை அடிக்காதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்