எடை குறைந்த பைக்கை எங்களையும் மனதில் வைத்துச் செய்யுங்கள்

அட்வெஞ்சர் பைக் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கும் விற்பனைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

அறுபதைத் தாண்டியவன் நான். பல வருடம் பெரிய அட்வெஞ்சர் பைக் ஓட்டிவிட்டு இப்போது 300 சிசி வண்டிக்கு மாறியிருக்கிறேன். மண் சாலையிலும் மலைப்பாதையிலும் இன்னும் நெடுநாள் ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் மாறினேன். என்னைப் போல மாறியவர்களும் மாற நினைப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறோம். எங்கள் எல்லோருக்கும் உங்களிடம் ஒரே குறைதான். சின்ன வண்டி என்றாலே புதிதாக ஓட்டக் கற்பவருக்கும் கையில் காசு குறைவாக இருப்பவருக்கும்தான் என்று முடிவு கட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஓடும்போது பெரிய வண்டியின் எடை தெரியாது. நின்றால்தான் தெரியும். சரளைக்கல் சரிவில் நிறுத்தி, வண்டியைப் பின்னால் தள்ளித் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பள்ளம், அங்கே கால் நுனிதான் தரையில் படுகிறது. ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்த முடியாது, விட்டுவிடத்தான் வேண்டும். அப்புறம் தூக்க வேண்டும். முறை எங்களுக்குத் தெரியும். வண்டியைக் கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிட்டு, ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால் பலத்தில் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நகர்ந்து நிமிர்த்துவது. முறை சரிதான். ஆனால் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் அட்வெஞ்சர் 268 கிலோ, பெட்டியும் சாமானும் தனி. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் அது இன்னும் வேகமெடுக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். முதல் தடவை தூக்கிவிடலாம். அதே பிற்பகலில் மூன்றாம் தடவை என்றால் இடுப்பு விட்டுவிடும். தூக்கிக் களைத்தவர் அடுத்த வளைவில் மறுபடி விழுவார்.

இந்த எடை இல்லாமல் முடியாதா என்றால், முடியும். இந்த வகை வண்டிக்கே வழி காட்டிய பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் 1980-இல் வந்தபோது, 800 சிசி எஞ்சினோடும் 200 கிலோவுக்குக் குறைவாகத்தான் இருந்தது. டாக்கர் பந்தயத்தில் 2011 முதல் 450 சிசிக்கு மேல் பைக்குகளுக்கு அனுமதியே இல்லை. பாலைவனத்தைக் கடக்க அது போதுமென்றால் எங்களுக்கும் போதும்.

சரி, சின்ன வண்டி வாங்கப் போனால் என்ன கிடைக்கிறது? ஷோரூமில் முதல் கேள்வியே, "உங்க பையனுக்கா சார்?" எனக்கு என்றதும், பெரிய வண்டியின் பக்கம் கூட்டிப் போகிறார்கள். அதில் இருக்கும் நல்ல சஸ்பென்ஷன் சின்னதில் கிடையாது. ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது, சாமான் ஏற்றினால் பள்ளத்தில் அடிவரை இடித்து, அந்த அடி நேராக முதுகுத்தண்டுக்கு வருகிறது. தேய்ந்துபோன முதுகுக்குத்தானே நல்ல சஸ்பென்ஷன் அதிகம் வேண்டும்? ஆக்சிலரேட்டரைப் பிடிக்காமலே வேகத்தைச் சீராக வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் அப்படித்தான். கட்டைவிரல் அடிமூட்டில் வாதம் வந்த கைக்கு, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்திருப்பது பெரிய வேதனை. பலவற்றில் டியூப் டயர், சென்டர் ஸ்டாண்டும் இல்லை. பின்சக்கரம் பஞ்சரானால் நடுவழியில் வண்டியை எதன்மேல் சாய்த்து, எப்படி மண்டியிட்டு டயரை நெம்புவது?

சீட் உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹோண்டா சிஆர்எஃப் 300 ராலி எடையில் அருமையான வண்டி, சுமார் 153 கிலோ. ஆனால் சீட் 885 மில்லிமீட்டர். காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதே விறைத்த இடுப்புக்குச் சோதனை. இதற்குப் பெரும்பாலும் நீங்கள் தரும் தீர்வு, சஸ்பென்ஷனைத் தாழ்த்திய மாடல். அதில் அடிப்பக்க இடைவெளி குறைந்து எஞ்சின் கல்லில் இடிக்கிறது. சீட்டின் முன்பக்கத்தை ஒடுக்கமாகச் செய்யுங்கள், கால் அகலாமல் நேராக இறங்கும். அதே உயரத்திலும் பாதம் தரையில் நன்றாகப் பதியும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போல 40 குதிரைத்திறனில் வண்டிகள் வருவது மகிழ்ச்சி. நெடுஞ்சாலையில் என் வண்டி திணறும் இடத்தில் அது நிதானமாகப் போகும். ஆனால் அதுவும் 196 கிலோ. அதே திறனில் இன்னும் 30 கிலோ குறைத்துக் காட்டுங்கள். சீட்டைத் தாங்கும் பின்சட்டத்தை (சப்ஃப்ரேம்) அலுமினியத்தில் செய்வதற்கும் லித்தியம் பேட்டரிக்கும் கூடுதல் செலவாகும், தெரியும். கொடுக்கத் தயாராக இருக்கிறோம். இந்த வயதில் எங்களில் பலர் தள்ளுபடி தேடி வருவதில்லை.

எடையைச் சொல்லும்போது உலர் எடையை, அதாவது பெட்ரோல் ஊற்றாத வண்டியின் எடையை, சொல்லாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ, 20 லிட்டர் டேங்க் என்றால் 15 கிலோ. அதுவும் வண்டியின் உச்சியில் உட்காரும் 15 கிலோ. டேங்கை நிரப்பி, பெட்டி மாட்டும் கம்பிகளோடு எடை போட்டுப் பார்த்து அந்த எண்ணை அச்சடியுங்கள்.

அடுத்த மாடலைச் சோதிக்கும் குழுவில் அறுபது கடந்த இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மண் சாலையில் ஓட்டவிட்டு, மாலையில் வண்டியைச் சரிவில் படுக்க வைத்து, தனியாகத் தூக்கச் சொல்லுங்கள். அவர்களால் முடியவில்லை என்றால், அந்த வண்டியை மறுபடியும் வரைபலகைக்கே கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்