முற்றத்த திறந்துடலாம் தம்பி

தம்பி,

நல்லா இருக்கியா, வேளாவேளைக்கு சாப்பிடுறியா. நீ புக் பண்ணிக் குடுத்த ரூம்ல ரெண்டு நாள் இருந்துட்டு நேத்து ராத்திரிதான் பாண்டிச்சேரியிலேருந்து வந்தோம், போன்ல சொல்லலாம்னா பாதியில கட்டாகுது, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

கடற்கரையோரம் வொயிட் டவுன்ல இருக்கும்னு நெனச்சேன், இது பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழாளுங்க இருந்த தெரு. 1761ல இங்கிலீஷ்காரன் ஊரையே இடிச்சு தரைமட்டமாக்கிட்டான், அதுக்கப்புறம் எழும்பின ஊருதான் இப்ப நாம பாக்குறது. கீழ நம்ம வீடு மாதிரியே திண்ணை, தாழ்வாரம், முற்றம், மாடி மட்டும் பிரெஞ்சுக்காரன் பாணியில வளைவு வச்ச ஜன்னல். மொத்தமே ஏழெட்டு ரூம்தான். வைசியாள் தெருவுல இந்த மாதிரி வீடுங்கள வரிசையா சரி பண்ணினதுக்கு 2008ல யுனெஸ்கோ விருதே கெடச்சிருக்கு.

கட்டில்ல படுத்துக்கிட்டு அண்ணாந்து பாத்தா தேக்கு உத்தரம், அதுக்கு மேல சின்னச் சின்ன செங்கல்ல நிக்க வச்சு குறுக்கா அடுக்கின கட்டைக்குத்து ஒட்டு, நம்ம கூடத்துல இருக்குதே அதேதான். தூணத் தொட்டா வழவழன்னு இருக்கு, சுண்ணாம்புல முட்ட வெள்ளைக்கரு சேத்து தேச்சதாம்.

ரெண்டாம் நாள் மத்தியானம் மழை பிடிச்சுக்கிச்சு. கருங்கல்லுல மொதத் துளி விழுந்து பொட்டுப் பொட்டா கறுத்துச்சு, அப்புறம் நாலு பக்க தாழ்வாரத்துலேருந்தும் தண்ணி சரம் சரமா கொட்டி மூலையில இருக்குற தூம்புல சுழிச்சுக்கிட்டு போச்சு. அப்பா நாற்காலிய முற்றத்து ஓரமா இழுத்துப் போட்டு உக்காந்தவரு ஒரு மணி நேரம் எந்திரிக்கல. நம்ம வீட்லயும் இப்படித்தானே பெய்யும்னாரு, எனக்கு தொண்டைய அடைச்சிருச்சு.

நீ பத்தாவது படிக்கிறப்ப திருட்டு பயம்னு நாந்தாண்டா நம்ம முற்றத்த ஷீட் போட்டு மூடச் சொன்னேன். அன்னையிலேருந்து பகல்லயே கூடத்துல லைட்டு எரியுது, செவுரெல்லாம் ஓதம், கோடையில வெந்து போறோம். முற்றம் திறந்திருந்தாத்தான் சூட்டுக் காத்து மேல போகும், வாசக்காத்து உள்ள வரும். அங்க ரூம்ல ஏசி இருந்தும் அணைச்சுட்டு கதவத் திறந்து வச்சுத்தான் படுத்தோம்.

அதனால கூடத்துக்கு ஏசி வாங்கறேன்னு சொன்னியே, அது வேண்டாம் கண்ணு. அந்த பணத்துல ஷீட்ட எடுத்துட்டு மேல கம்பி அழி போட்டுடலாம். அப்பா காலையிலயே டேப் பிடிச்சு அளந்துட்டாரு, 11க்கு 8 அடி. தையில நீ வந்தப்புறம்தான் கைவைக்கணும்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன், ஷீட்ட எறக்கும்போது நீ பக்கத்துல நிக்கணும்.

அம்மா