போட்ல பீச்ல இறக்கி விடுவோம்னு சொன்னீங்களே, எங்க இறக்குனீங்க?

டூர் கம்பெனி மேனேஜர் சாருக்கு,

ஜூன் மாசம் உங்க மூலமா இத்தாலி போய்ட்டு வந்தோம், நான், என் வீட்டுக்காரர், என் மாமியார். சார்டினியா தீவுல காலா கோலோரிட்சேங்கிற பீச்சுக்குன்னு தனியா தலைக்கு 9,500 ரூபா வாங்குனீங்க. உங்க பேப்பர்ல போட்டிருந்தது இதுதான்: போட்ல போய் பீச்ல இறங்கி ரெண்டு மணி நேரம் இருக்கலாம், வெள்ளை மணல், ஞாபகத்துக்கு கூழாங்கல் எடுத்துக்கலாம். மூணுமே பொய் சார்.

சாண்டா மரியா நவர்ரேசேங்கிற ஊர்ல இருந்து போட் கிளம்புச்சு. போற வழி நல்லாத்தான் இருந்துச்சு, அத நான் குறை சொல்லல. பீச் கண்ணுக்கு தெரிஞ்சதும் அத்தை பைய தோள்ல மாட்டி, செருப்ப கழட்டி கையில வச்சுக்கிட்டு ரெடியா உக்காந்துட்டாங்க. ஆனா போட் தூரத்துலயே நின்னுடுச்சு. தண்ணில வரிசையா மிதவை கட்டியிருக்காங்க, அதுக்கு உள்ள மோட்டார் போட் போகவே கூடாதாம். அந்த இடம் 1995லயே பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னம்னு போட்காரரு சொன்னாரு. வேணும்னா குதிச்சு நீந்திப் போங்கன்னாரு. 66 வயசு அம்மாவ கடல்ல குதிக்க சொல்றதா?

அத்தை "எப்ப இறங்குறோம்?"னு மூணு தடவ கேட்டாங்க, நான் என்னத்த சொல்ல. இருபது நிமிஷம் அங்கேயே ஆடிக்கிட்டு நின்னு, அந்த ஊசி மாதிரி நிக்கிற 143 மீட்டர் பாறையையும் அதுக்கு கீழ இருந்த பீச்சையும் பாத்துட்டு திரும்பிட்டோம். மணலும் கிடையாது சார், 1962ல மலை சரிஞ்சு விழுந்து உண்டான பீச்சாம், பூரா வெள்ளைக் கல்லுதான்.

பீச்சுக்கு மேல இருக்கிற கோல்கோங்கிற மேட்டுல இருந்து நடந்தும் இறங்கலாம், ஆனா இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஏறி வர்றது இன்னும் கஷ்டம், சீசன்ல ஒரு நாளைக்கு 250 பேருக்கு மேல விடமாட்டாங்க, முன்னாடியே டிக்கெட் போடணும். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் ஆனது உங்க ஃபார்ம்லயே எழுதிக் குடுத்தோம், படிச்சீங்களா இல்லையா?

கல்லு விஷயம் இன்னும் மோசம். சார்டினியா பீச்ல கல்லோ மணலோ எடுத்தா 500ல இருந்து 3,000 யூரோ வரைக்கும் ஃபைன். பூஜை ரூம்ல வைக்க ஒண்ணு எடுக்கணும்னு அத்தைக்கு ஆசை. இறங்கியிருந்தா உங்க பேப்பர நம்பி எடுத்து ஏர்போர்ட்ல மாட்டியிருப்போம், நல்லவேளை.

வாட்ஸ்அப்ல கேட்டா உங்க ஆளு "கடல் சரியில்ல மேடம், அதான் இறக்கல"ன்னு பதில் போடுறாரு. அன்னிக்கு கடல் குளம் மாதிரி கிடந்துச்சு, வீடியோ இருக்கு, இதோட அனுப்பியிருக்கேன்.

28,500 ரூபாயும் 15 நாளுக்குள்ள அக்கவுண்ட்டுக்கு வரணும். அடுத்த குரூப் கிளம்புறதுக்கு முன்னாடி பேப்பர்ல அந்த மூணு வரியையும் எடுத்துடுங்க. பதில் ஈமெயில்லயே போடுங்க, போன் வேணாம், "செக் பண்ணி சொல்றோம் மேடம்"னு நாலு தடவ கேட்டாச்சு.