காய்கறித் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். வேலி சரிசெய்தாயிற்று, குழாய்க் கசிவும் அடைத்தாயிற்று. சரி, ஆளுக்கொரு துண்டு நிலம் எடுத்து எதற்காக இங்கே வருகிறோமோ, அந்தக் காய்கறிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு எல்லோரும் பேசியது மூலைப் பாத்திப் பூசணியைத்தான். கொடி வேலி வரைக்கும் ஓடியது, பூவும் நிறைய வந்தது. ஆனால் பிஞ்சுகள் நெல்லிக்காய் அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்தன. உரம் போதவில்லை என்றார்கள் சிலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர், "நாளைக்கு விடிந்ததும் வாங்க" என்றார். போனோம். பூவுக்கு அடியில் குட்டிப் பூசணி போல உருண்டை இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் விட்டு மெதுவாகத் தடவினார். அவர் விரல் நுனியெல்லாம் மஞ்சள் பொடி. வெயில் ஏறினால் பூ மூடிவிடும், அதனால்தான் காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார். மண்ணில் குறை இல்லை, தேனீ வரத்துதான் குறைவு. அப்புறம் அந்தப் பிஞ்சு நாளுக்கு நாள் பருத்ததைச் சொந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட வந்தவர்கள்கூட எட்டிப் பார்க்காமல் போனதில்லை. எனக்கு இந்த ஆண்டின் பெரிய சந்தோஷம் அதுதான்.

வெண்டை போட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2 நாளுக்கு ஒரு முறையாவது பறித்துவிடுங்கள். முற்றினால் நார் ஏறுவது மட்டுமல்ல, செடி தன் தெம்பை விதைக்குக் கொடுத்துவிட்டுப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெளியூர் போகிறவர்கள் பக்கத்துப் பாத்திக்காரரைப் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள். நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடிகிற பிஞ்சு செடியிலேயே முற்றிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

சில பாத்திகளில் வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளானது. அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். வந்த செடியைக் காப்பாற்ற முடியாது, உடனே பிடுங்கிவிட வேண்டும். கவனிப்பில்லாமல் களை மண்டிக் கிடந்த பாத்திகள் அந்த ஈக்கு நல்ல இருப்பிடமாகிவிட்டன. பராமரிக்க நேரமில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

தக்காளி எடுத்த இடத்தில் அடுத்து கத்தரியோ மிளகாயோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், மண்ணில் தங்கிய நோய் அப்படியே தொற்றும். தட்டைப்பயறு போடுங்கள். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கிற வேலை அங்கே நடக்கிறது என்பதற்கு அடையாளம் அது. அதை முதல் தடவை பார்த்த சிறுவன் ஒருவன் வரிசையில் இருந்த எல்லாச் செடியையும் பிடுங்கப் பார்த்தான்!

உரக்குழியை முறை வைத்துக் கிளறிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. பூசணியில் ஒரு காயை விதைக்கென்றே விட்டிருந்தோம். வேறு மகரந்தம் கலக்காமல் இருக்க, அதன் ஆண் பூ, பெண் பூ இரண்டையும் முந்தின நாள் மாலையே நூலால் கட்டிவைத்துத் தடவியது. விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்தியாயிற்று. பொட்டலங்கள் மேசையில் இருக்கின்றன, கூட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர்