எந்த விலங்கு என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடை ஒட்டுண்ணியியலைப் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். கல்லீரல் தட்டைப்புழுவுக்குப் புதிய மருந்து, புதிய தடுப்பூசி என்று நாளிதழ்களில் அவ்வப்போது வரும் செய்திகளில், "ஆய்வக விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்தது" என்பது போன்ற வாக்கியத்தைப் பார்க்கிறேன். அந்த விலங்கு சுண்டெலியா, எலியா, ஹாம்ஸ்டரா, முயலா, செம்மறியாடா என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. வேறு நோய்களில் இது சிறிய குறையாக இருக்கலாம். இந்தப் புழுவைப் பொறுத்தவரை விலங்கின் பெயரை விட்டுவிட்டால் செய்தியில் பாதி போய்விடுகிறது.

காரணம் விளங்க, சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆடு மாடுகளைத் தாக்கும் ஃபேசியோலா ஹெபாட்டிகா என்ற தட்டைப்புழுவின் முட்டையை ஒரு விலங்குக்குத் தின்னக் கொடுத்தால் நோய் வராது. முட்டை நீரில் பொரிந்து, அதிலிருந்து வரும் நுண்புழு நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகி, வாலுள்ள இளம்புழுக்களாக வெளியேறி, புல்லிலோ நீர்ச்செடியிலோ ஒட்டி உறை கட்டிக்கொண்ட பிறகுதான் அது தொற்றும் நிலையை அடைகிறது. நத்தையின் இந்தப் பங்கை 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் லூக்கார்ட்டும் இங்கிலாந்தில் தாமஸும் தனித்தனியே கண்டறிந்து சொன்னார்கள். இன்று ஆய்வகங்களில் நத்தைகளை வளர்த்து, அவற்றிலிருந்து பெற்ற உறைப்புழுக்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணி, வாய்வழியாக விலங்குக்குக் கொடுக்கிறார்கள். எத்தனை கொடுத்தோம் என்பது தெரியும். பின்னர் ஈரலைத் திறந்து எத்தனை வளர்ந்தன என்றும் எண்ணிவிடலாம். மேய்ச்சல் நிலத்து ஆட்டிடம் கிடைக்காத இந்தக் கணக்குக்காகத்தான் சோதனைத் தொற்றே செய்யப்படுகிறது.

ஆனால் அதே எண்ணிக்கை ஒவ்வொரு விலங்கின் உடலிலும் வெவ்வேறு விளைவைத் தருகிறது. சுண்டெலியின் ஈரல் மிகச் சிறியது. அதைத் துளைத்துக்கொண்டு போகும் புழு ஒன்றிரண்டு இருந்தாலே இரத்தம் கசிந்து அது இறந்துவிடக்கூடும். எலி அதைவிட நன்றாகத் தாங்குகிறது. முதல் தொற்றுக்குப் பிறகு அதன் உடலில் வலுவான எதிர்ப்பும் உருவாகிறது. இரண்டாம் முறை கொடுக்கும் புழுக்களில் பெரும்பகுதி ஈரலைச் சென்றடைவதற்கு முன்பே அழிக்கப்படுகிறது. செம்மறியாட்டுக்கோ இந்தத் திறன் இல்லை. ஒருமுறை நோய்ப்பட்ட ஆடு மறுமுறையும் அதே அளவுக்கு நோய்ப்படுகிறது. ஆகவே எலியைக் காத்த ஒரு தடுப்பூசி, எலிக்கு இயல்பிலேயே இருக்கும் திறமையின் மேல் ஏறி நின்று காத்திருக்கலாம். அந்த ஏணி ஆட்டிடம் கிடையாது. பல பத்தாண்டுகளாக முயன்றும் இந்தப் புழுவுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று விற்பனைக்கு வராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆட்டுக்கு ஆடுகூட இது மாறும். இந்தோனேசியாவின் மெல்லிய வால் செம்மறிகள், வெப்ப நாடுகளின் ஃபேசியோலா ஜைஜாண்டிகாவை நன்றாக எதிர்க்கின்றன. அதன் நெருங்கிய உறவான ஃபேசியோலா ஹெபாட்டிகாவிடம் அவை தோற்றுப்போகின்றன. விலங்கின் பெயரோடு புழுவின் பெயரையும் எழுத வேண்டும் என்று நான் கேட்பதற்கு இது போதும்.

மருந்துச் செய்திகளில் இன்னொன்றும் விடுபடுகிறது: தொற்று உண்டாக்கி எத்தனை நாள் கழித்து மருந்து கொடுக்கப்பட்டது என்பது. இளம்புழு குடல் சுவரைத் துளைத்து வெளியேறி, ஈரலுக்குள் புகுந்து, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரம் அதன் சதையைத் தின்றுகொண்டே நகர்ந்து, பிறகுதான் பித்த நாளத்தில் தங்கி முட்டையிடுகிறது. ஆடுகள் திடீரென்று செத்து விழுவது, ஈரல் சிதையும் அந்த முதல் வாரங்களில். அல்பெண்டசோல் போன்ற மருந்துகள் முதிர்ந்த புழுவை மட்டுமே கொல்கின்றன. டிரைக்ளாபெண்டசோல் சில நாள் வயதுடைய புழுவையும் கொல்வதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. அதற்கும் கட்டுப்படாத புழுக்கள் ஆஸ்திரேலியாவில் 1995இல் பதிவாகிவிட்டன. எனவே பத்தாம் வாரத்தில் கொடுத்த ஒரு புதிய மருந்து எலியின் பித்த நாளத்தைச் சுத்தமாக்கியது என்றால், அது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மூன்றாம் வாரத்து ஆட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஆய்வக விலங்குகளால் பயனில்லை என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். மீன் வழியாக மனிதருக்குத் தொற்றும் ஓபிஸ்தார்கிஸ் விவெரினி என்ற ஈரல் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் வடகிழக்கிலும் லாவோஸிலும் பித்த நாளப் புற்றுநோய்க்கு அது பெருங்காரணம். 1978இல் வெளியான ஓர் ஆய்வில் ஹாம்ஸ்டர்களைப் பிரித்து, சிலவற்றுக்குப் புழுவை மட்டும், சிலவற்றுக்கு டைமெத்தில்நைட்ரோசமைன் என்ற, புற்றைத் தூண்டக்கூடிய வேதிப்பொருளை மட்டும், சிலவற்றுக்கு இரண்டையும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்த விலங்குகளிலேயே பித்த நாளப் புற்று தோன்றியது. ஒன்றை மட்டும் பெற்றவற்றில் தோன்றவில்லை. புழு உண்டாக்கும் நீடித்த அழற்சி, புற்றுக்கு நிலத்தை உழுது வைக்கிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் அந்தப் புழுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2019இல், அப்புழு சுரக்கும் கிரானுலின் என்ற வளர்ச்சிப் புரதத்தின் மரபணுவை, குறிப்பிட்ட மரபணுவைத் தேடி வெட்டும் கிறிஸ்பர் முறையில் சிதைத்து, அந்தப் புழுக்களை ஹாம்ஸ்டர்களுக்குக் கொடுத்தபோது ஈரல் பாதிப்பு குறைந்திருந்தது. ஹாம்ஸ்டரில் இந்தப் புழு நன்கு முதிர்ந்து முட்டையிடுகிறது, மனிதருக்கு வருவதைப் போன்ற நாள மாற்றங்களும் அதற்கு வருகின்றன. சரியான விலங்கைத் தேர்ந்தெடுத்ததால் கிடைத்த விடைகள் இவை.

விலங்குகள் படும் துன்பமும் இதனோடு சேர்ந்ததே. ஈரலைத் துளைக்கும் நோய் வலியற்றதாக இருக்க முடியாது. குறைந்த விலங்குகள், குறைந்த புழுக்கள், விலங்கு தளரும்போதே சோதனையை முடித்துக்கொள்வது ஆகியவற்றை நல்ல ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கிறார்கள். பொருத்தமில்லாத விலங்கில் செய்த சோதனையில் அந்த உயிர்கள் வீணாகப் போகின்றன. அதைக் கேள்வி கேட்க விரும்பும் வாசகருக்கும் முதலில் அந்த விலங்கின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே, இத்தகைய செய்தி இனி வரும்போது எந்தப் புழு, எந்த விலங்கு, எத்தனை உறைப்புழுக்கள், எத்தனையாவது நாளில் மருந்து என்பதை ஒரே வரியில் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாமல் ஒன்றை மட்டுமே எழுத முடியும் என்றால், விலங்கின் பெயரை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஒட்டுண்ணியியல் ஆசிரியர்