மனநலப் பணிக்கு ஓராண்டு நிதி எப்படிப் போதும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலப் பணிகளுக்கான நிதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறுவனங்களிடம் பணம் இருக்கிறது, உள்ளூரில் அதை வாங்கி ஒழுங்காகச் செலவழிக்கத்தான் ஆளில்லை என்று அதில் எழுதியிருந்தது. நெடுநாள் வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன். இதை அச்சில் ஏற்றுவதற்கு முன், நிதிக்காக அலைகிற ஒரு சிறிய அமைப்பிடமாவது பேசினீர்களா?

மன்னார்குடிப் பக்கத்தில் மனநோயாளிகளின் குடும்பத்தினர் சேர்ந்து ஓர் அமைப்பு நடத்துகிறோம். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள், அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் வாங்கிவந்த மாத்திரையைச் சாப்பிட வைக்க வேண்டுமே! அதற்காக எங்கள் ஊர்ப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு வைத்திருந்தோம். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவார். தம்பி மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புகிறான் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். கூடவே இருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெரியவில்லை.

அவருடைய சம்பளம் ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து, அதாவது கம்பெனிகள் தங்கள் லாபத்தில் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணத்திலிருந்து வந்தது. மார்ச்சில் நிதியாண்டு முடிந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய வேலைக்கே திரும்பக் கொடுக்க முடியாது, புதிதாக ஏதாவது திட்டம் கொண்டுவாருங்கள் என்றார்கள். நோய் பழையதுதானே, ஐயா! வீட்டுக்கு வந்து பார்க்க ஆளில்லாமல், ஆடி பிறப்பதற்குள் தம்பி மறுபடி மருத்துவமனையில். சிஎஸ்ஆர் விதிகளே ஒரு திட்டத்தைத் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை நடத்த இடம் தருகின்றன. பிறகு ஏன் எல்லோரும் ஓராண்டோடு கையைக் கழுவுகிறார்கள்?

ஊர்ப் பணியாளர் வீடு தேடிப் போவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவில் மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2014இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருத்துவச் சிகிச்சையோடு உள்ளூர்ப் பணியாளரின் கவனிப்பும் சேர்ந்தால் நோயாளியின் முடக்கம் ஓரளவு குறைகிறது என்று அதில் தெரிந்தது. ஆனால் நிதி கேட்டுப் போனால் சம்பளத்துக்குத் தர மாட்டோம், பேரணிக்கும் பேனருக்கும் தருகிறோம் என்கிறார்கள். அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நடக்க விட்டுப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தை நீங்களும் ஆண்டு தவறாமல் போடுகிறீர்கள்.

சரி, விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் 12ஏ, 80ஜி என்று வருமான வரிப் பதிவுகள், அப்புறம் சிஎஸ்ஆர் நிதி வாங்கப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவம், அதற்கு ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து. கணக்கு கேட்பது நியாயம், கேட்கட்டும். ஆனால் நாங்கள் பார்த்த விண்ணப்பம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. போதாததற்கு, ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது கம்பெனிச் சட்டம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் அது நல்லதுதான். எங்கள் ஊரோ 2020இல், சில வகை ஆலைகளுக்குத் தடை உள்ள பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் வந்தது. விவசாயி மகளாக அதை வரவேற்றவள் நான். நெல் விளைகிற ஊரில் மனநோய் வராதா? முன்பெல்லாம் பெரிய தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு நிதியில் ஒரு பங்கைச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அதே 2020இல் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிதி தந்த நிறுவனத்தார் அறிக்கையோடு நோயாளிகளின் படம் வேண்டும் என்றார்கள். முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று காட்ட வேண்டுமாம். தன் நோய் விவரம் வெளியே போகாமல் இருப்பது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. எங்களில் சில வீடுகளில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். யார் படம் தருவார்கள்? தர மறுத்தோம். ஒத்துழைப்பு போதவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். ஊரிலேயே துணை கிடைத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தங்கள் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்? அன்றைக்கு எல்லாப் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக எழுதின. அந்தக் குடும்பங்களைப் போன்றவர்கள்தான் நாங்களும். எங்களைப் பார்த்துத்தான் ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது எந்த நிறுவனம் நிதி தருகிறது, கடைசித் தேதி என்ன, தமிழில் விண்ணப்பிக்கலாமா, பணியாளர் சம்பளத்துக்குத் தருவார்களா என்று ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அக்டோபர் இதழுக்குள் வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

தங்கள்,
ஒரு வாசகி,
மன்னார்குடி
(தம்பியை முன்னிட்டுப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)